24 அறிக்கை, ஒரே முடிவு: வணிகப் பாடத்தில் சாட்பாட்டை எந்த இடத்தில் வைப்பது?

#1 மேசைவிளக்கு

எம்பிஏ மாணவர்களுக்கு உத்தி வகுத்தல் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு கேஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் நிலையைச் சொல்லி முடிவெடுக்கச் சொல்லும் பயிற்சி, கொடுத்தேன். நடுத்தர நிறுவனம் ஒன்று, கையிருப்பு குறைவு, புதிய சந்தை ஒன்றில் நுழைவதா வேண்டாமா என்று இரண்டு நாளில் சொல்லியாக வேண்டும். 24 அறிக்கைகள் வந்தன. எல்லாமே பிழையில்லாத நடை. சந்தைப் போட்டியை அலசும் ஐந்து விசைகள், பலம் பலவீனம் அட்டவணை, அபாயப் பட்டியல், எதிலும் குறையில்லை. முடிவும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: அந்தச் சந்தையை அறிந்த கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து படிப்படியாக நுழையலாம்.

அப்படி ஒரு முடிவுக்கு வருவதில் தப்பில்லை. ஆனால் அந்த நிறுவனம் ஏற்கெனவே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கையைச் சுட்டுக்கொண்ட கதை கேஸின் 4ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தொட்டவர்கள் இரண்டே பேர். வகுப்பில் ஒருவரிடம், "சரி, ஆறு மாதம் காத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டேன். அவர் தன் அறிக்கையை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் புரட்டினார். பிறகு பேசவே இல்லை.

அந்த அமைதி இன்னும் என்னை உறுத்துகிறது. அவர்மேல் கோபம் வரவில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1920களிலிருந்து கேஸ் முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது எதற்காக? அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கத்தை நாலு பேர் முன்னால் காப்பாற்றிப் பழகுவதற்காக. அந்த நாற்காலியில் மாணவரை உட்காரவைப்பதுதான் என் வேலை. உட்காராமலே அவர் கடந்துபோக நானே வழிவிட்டிருக்கிறேன்.

தடை போடலாமா என்று கேட்க வரவில்லை. சாட்பாட்டை வகுப்புக்குள் கொண்டுவந்தும் மாணவர் யோசிப்பது குறையாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் இங்கே இருந்தால், எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

#2 பேரேடு

நிதி மேலாண்மை, கணக்கியல் இரண்டும் எடுக்கிறேன். முதல் பருவத்தில் முழுத் தடைதான் என் நிலை. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு திட்டத்துக்கு முதலீடு 10 லட்சம். ஐந்து ஆண்டுகளுக்கு வருடம் 3 லட்சம் வரவு. வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வீதம் 10%. இவற்றோடு, போன வருடம் சந்தை ஆய்வுக்கு 2 லட்சம் செலவானது என்று கணக்கில் ஒரு வரி இருக்கும். திட்டத்தை ஏற்கலாமா?

ஆய்வுக்குப் போன பணம் போனதுதான். ஏற்றாலும் விட்டாலும் அது திரும்பாது. ஆகவே அதை ஒதுக்கிவிட வேண்டும். வரவுகளின் இன்றைய மதிப்பு சுமார் 11.37 லட்சம், முதலீட்டைக் கழித்தால் 1.37 லட்சம் மிச்சம். ஏற்கலாம். ஒரு மாணவி சாட்பாட்டிடம் "மொத்தச் செலவு 12 லட்சம்" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அது 0.63 லட்சம் நட்டம் என்று மிகச் சரியாகக் கணக்கிட்டு, நிராகரிக்கச் சொல்லிவிட்டது.

கணக்கில் பிழை எங்கே? எங்கேயும் இல்லை. கேள்வியைப் போடும்போதே முடிவு தலைகீழாகிவிட்டது. எந்த எண் உள்ளே வரவேண்டும், எது வெளியே நிற்கவேண்டும் என்பதுதான் என் பாடமே. கேஸை முழுசாக ஒட்டியிருந்தால் அது அந்த 2 லட்சத்தைத் தானே ஒதுக்கியிருக்கவும் கூடும். அப்போது மாணவிக்கு அது தெரியாமலே போயிருக்கும். எனக்கு இரண்டுமே நட்டம்தான். அந்தக் கண் திறக்கும் வரை பேனாவும் கால்குலேட்டரும் போதும்.

#3 கடைசிபெஞ்ச்

நான் மாணவன், ரெண்டாம் வருஷம். என் பக்கத்தையும் கேளுங்க.

ஒரே வாரத்தில அஞ்சு பாடத்துக்கு அசைன்மென்ட். அதில மூணு குழு வேலை. குழுவில ஒருத்தர் சாட்பாட்டில போட்டு ஒரு வரைவு கொண்டுவருவாங்க, மத்தவங்க அதைத் திருத்துவாங்க. அந்த வரைவு வந்த பிறகு வேற முடிவு பத்தி யாரும் பேசுறதே இல்லை. மேசைவிளக்கு சார் சொன்ன "24 பேரும் ஒரே முடிவு" அப்படித்தான் வந்திருக்கும்.

ஆனா இதையும் சொல்லணும். ஒத்திவைத்த வரி (deferred tax) எனக்கு வகுப்பில ஏறவே இல்லை. கையைத் தூக்கி மூணாவது தடவை கேட்க கூச்சம். ராத்திரி சாட்பாட்கிட்ட ஏழு தடவை, ஏழு விதமா கேட்டேன். கடைசியா, லாபம் கம்பெனிக் கணக்கு, வரிக் கணக்கு ரெண்டு புத்தகத்திலயும் ஒண்ணுதான், அது வந்து சேரும் வருஷம்தான் வேறன்னு பிடிபட்டது. எனக்கு அது பெரிய விஷயம். முழுத் தடைன்னு பேரேடு சார் சொல்லும்போது, அந்த ராத்திரியையும் சேர்த்துத் தடுக்கிறீங்க.

#4 பேரேடு

அந்த ராத்திரியைத் தடுக்க எனக்கு மனமில்லை தம்பி. நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன்.

#5 எண்முகம்

எதற்கு இவ்வளவு சுற்று? கண்டறியும் மென்பொருள் இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள், சிக்கினால் பூஜ்யம் போடுங்கள். இரண்டு பேர் மாட்டினால் மீதிப் பேர் தானாக எழுதுவார்கள்.

#6 வாய்தா

எண்முகம், தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். வணிகச் சட்டம் எடுக்கிறவள் என்ற முறையில், ஆதாரம் எவ்வளவு பலவீனமானது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவி வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே, இயந்திரம் எழுதியதில் 26% மட்டுமே அதற்குப் பிடிபட்டது. மனிதர் எழுதியதில் 9% இயந்திரத்துடையது என்று தவறாகக் காட்டியது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்றன. காரணம் எளிது: பழகிய சொற்களால், சிக்கலில்லாத வாக்கியங்களால் எழுதுகிறவரின் நடை, அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கும். இந்தக் கருவிகள் மோப்பம் பிடிப்பதும் அந்த ஊகத்தன்மையைத்தான்.

அதாவது இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறித் தானே எழுதிய பிள்ளைதான் முதலில் மாட்டும். நான் முன்பு வேலைபார்த்த துறையில் ஒரு மாணவி இப்படி மாட்டி, கையெழுத்து வரைவுகளைக் கொண்டுவந்து காட்டித்தான் மீண்டாள். அந்த மூன்று வாரங்கள் அவள் எப்படியிருந்தாள் என்பதை நான் மறக்கவில்லை.

#7 எண்முகம்

இந்த விவரம் எனக்குத் தெரியாது. பூஜ்யம் போடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது: எழுதாதவருக்கும் எழுதியவருக்கும் ஒரே மார்க்கா?

#8 சரக்குவண்டி

செயல்பாட்டு மேலாண்மை, கொள்முதல் எடுக்கிறேன். மேசைவிளக்கு கேட்ட "எப்படி"க்கு என் அனுபவம்.

எங்கள் பாடத்துக்கு எச்சரிக்கை சீக்கிரமே வந்துவிட்டது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிறிஸ்டியன் டெர்வீஷ் தன் எம்பிஏ இறுதித் தேர்வுத் தாளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, பி, பி மைனஸ் அளவுக்கு மதிப்பிட்டார். வேலை ஓட்டத்தில் இடையூறு எங்கே என்று கண்டுபிடிப்பதில் நன்றாகச் செய்தது, பள்ளிக் கணக்கு அளவுள்ள எளிய கணக்குகளில் சறுக்கியது. இப்போதைய மாடல்கள் அதையெல்லாம் தாண்டிவிட்டன. அதனால் விடையை வாங்கும் வேலையை விட்டுவிட்டு, எதிராளியாக நிறுத்தும் வேலைக்குச் சாட்பாட்டை மாற்றினேன்.

பயிற்சி இது. மாணவர் கொள்முதல் மேலாளர். சாட்பாட் சப்ளையரின் விற்பனைத் தலைவர். ஒரு உதிரி பாகத்துக்கு அது கேட்கும் விலை 118. நீண்ட ஒப்பந்தம் கிடைத்தால் 104 வரை இறங்கலாம், இல்லாவிட்டால் 110. ஆறாவது வாரத்துக்கு முன் சரக்கு தர முடியாது, ஆனால் கேட்டால் தவிர அதைச் சொல்லக் கூடாது. 30 நாளில் பணம் வேண்டும்.

முதல் தடவை முழுத் தோல்வி. மூன்றாவது வரியிலேயே "உங்கள் நிலை எனக்குப் புரிகிறது" என்று விலையை இறக்கிவிட்டது. இந்த மாடல்கள் எதிரே இருப்பவரைத் திருப்திப்படுத்தவே சாய்கின்றன. பையன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள், பணிவாகக் கேட்டால் விலை குறையும் என்ற தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டு. பிறகு குறிப்பில் சேர்த்தேன்: கைமாறு இல்லாமல் ஒரு பைசா இறக்காதே. ஒரு பதிலில் ஒரு சலுகைக்கு மேல் தராதே. ஒரே வாதத்தை மூன்றாம் முறை வைத்தால் பேச்சை முடித்துக்கொள். அதன்பின் பேரம் பேரமாக நடந்தது.

அடுத்த பருவத்தில் ஒரு மாணவர், "உனக்குக் கொடுத்த குறிப்பைக் காட்டு" என்று எழுத, 104ஐ அப்படியே கொட்டிவிட்டது. அன்றிலிருந்து அடி விலையை அதனிடம் கொடுப்பதே இல்லை. 110க்குக் கீழே கேட்டால் "மேலிடத்தைக் கேட்க வேண்டும்" என்று சொல்லி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அந்த மேலிடம் நான். மாணவர் எழுந்து என் மேசைக்கு வந்து, இதுவரை என்ன பேசினார், ஏன் குறைக்கக் கேட்கிறார் என்று வாயால் சொல்ல வேண்டும். பயிற்சியிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். திரைக்கு முன்னால் வீரமாகப் பேரம் பேசியவர் என் முன்னால் வந்ததும் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில்தான் எனக்குக் கற்றுக்கொடுக்க இடம் கிடைக்கிறது.

மார்க் ஒப்பந்த விலைக்குக் கிடையாது. உரையாடலை அச்சிட்டு, எந்த வரியில் நான் விட்டுக்கொடுத்தேன், எந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினேன் என்று ஓரத்தில் கையால் எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் மார்க். ஆறாவது வாரம் பற்றி ஒருவரும் கேட்காத வகுப்பும் இருந்திருக்கிறது. 104க்கு வாங்கிவிட்டுத் தொழிற்சாலையை ஆறு வாரம் மூடிவைத்திருப்பார்கள். அதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும்போது வகுப்பு அசையாமல் கேட்கும்.

#9 மேசைவிளக்கு

"மேலிடம் நான்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள். என் கேஸில் அது இயக்குநர் குழுவாக மாறும்.

#10 நூலடுக்கு

பாடத்திட்ட வடிவமைப்பில் இருக்கிறேன். கடைசிபெஞ்ச் சொன்ன ராத்திரிக்கும் பேரேடு சொன்ன தடைக்கும் நடுவே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சுமார் ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் செய்தது. ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்பாட். இன்னொன்றுக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் உதவியோடு வடிவமைத்தது. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பயிற்சியின்போது சாதாரண சாட்பாட் பிரிவு 48% மேலாகச் செய்தது, குறிப்புப் பிரிவு 127%. பிறகு சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட் பிரிவு, எதுவுமே இல்லாத பிரிவைவிட 17% கீழே போனது. குறிப்புப் பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் வரவில்லை.

அது பள்ளிக் கணிதம், வணிகப் பாடம் இல்லை என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் ஏழு தடவை விளக்கம் கேட்டவரும், விடையை வாங்கி ஒட்டியவரும் பயன்படுத்தியது ஒரே கருவி என்று நாம் பேசக் கூடாது என்பது இதில் தெரிகிறது. கிளாட் என்ற சாட்பாட்டில் 2025 ஏப்ரலிலும் சாட்ஜிபிடியில் 2025 ஜூலையிலும், நேரே விடை தராமல் கேள்வி கேட்டு நடத்திச் செல்லும் கற்றல் முறைகள் வந்தன. ஒரு சொடுக்கில் அதிலிருந்து வெளியேறிவிடலாம் என்பதுதான் சிக்கல்.

#11 வாய்தா

என் பாடத்துக்கு இந்தச் சாட்பாட்டுகளே கேஸாகிவிட்டன. ஏர் கனடா வழக்கை எல்லோரும் எடுத்து நடத்துங்கள். பாட்டி இறந்ததால் பயணிக்க வேண்டியிருந்த ஒருவரிடம், டிக்கெட் வாங்கிய பிறகும் 90 நாளுக்குள் துக்கக் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்நிறுவனத்தின் இணையதளச் சாட்பாட் சொன்னது. உண்மையான விதி அப்படி இல்லை. சாட்பாட் தனக்குத் தானே பொறுப்பான ஒரு தனிச் சட்ட நபர் என்கிற அளவுக்கு நிறுவனத்தின் வாதம் போனது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் இருப்பது எதுவானாலும் நிறுவனமே பொறுப்பு, பயணிக்கு இழப்பீடு கொடு என்றது.

இதை நடத்திவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேட்பேன்: "உங்கள் அறிக்கையில் சாட்பாட் சொன்ன ஒரு வரி தவறாக இருந்தால், பொறுப்பு யாருடையது?" இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதே இருப்பதில்லை.

#12 பேரேடு

இன்னொரு கவலை, யாரும் தொடாதது. போன ஆண்டு ஒரு மாணவர் இன்டர்ன்ஷிப் போன இடத்தின் விற்பனைப் பேரேட்டை, வாடிக்கையாளர் பெயர்களோடு, இலவசச் சாட்பாட்டில் ஏற்றிவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அட்டவணை போட்டுக்கொள்ளத்தான். அது அவருடைய சொத்து இல்லை என்றே அவருக்குத் தோன்றவில்லை. முதல் வகுப்பிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்: பெயர், கணக்கு எண், வெளியிடப்படாத எந்த எண்ணும் ஏற்றக் கூடாது.

கட்டணம் கட்டி நல்ல மாடலை வைத்திருப்பவரும் இலவசத்தில் ஓட்டுபவரும் ஒரே அசைன்மென்டில் போட்டியிடுவதும் நியாயமில்லை. கட்டாயமாகப் பயன்படுத்தச் சொன்னால், எல்லோருக்கும் ஒரே கருவியைக் கல்லூரிதான் தர வேண்டும்.

#13 கதவருகே

ஆலோசனை நிறுவனத்தில் புதியவர்களை எடுக்கும் குழுவில் இருக்கிறேன். வேலையில் எல்லோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. பயன்படுத்தத் தெரியாதவரை எடுக்கவும் தயங்குவோம்.

ஆனால் எங்கள் தொழிலிலேயே நடந்த ஒரு ஆய்வைப் பாருங்கள். 2023இல் ஹார்வர்டு, வார்ட்டன், எம்ஐடி ஆய்வாளர்கள் சேர்ந்து பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் 758 ஆலோசகர்களிடம் சாட்ஜிபிடியின் ஜிபிடி 4 மாடலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு எட்டும் வேலைகளில் 25% வேகம் கூடியது, தரம் 40% உயர்ந்தது. வேண்டுமென்றே அதற்கு எட்டாதபடி அமைத்த ஒரு வேலையில் கதை மாறியது. அட்டவணை ஒன்று சொல்ல, நேர்காணல் குறிப்புகள் வேறொன்று சொல்ல, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விடை. அதில் சாட்பாட்டை வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வருவது 19 சதவீதப் புள்ளி குறைந்தது. அவர்கள் தேர்ந்த ஆலோசகர்கள், மாணவர்கள் அல்ல.

மேசைவிளக்கு சொன்ன 4ஆம் பக்கமும் அதே வகைதானே? நேர்காணலில் நான் தேடுவதும் அதுதான். அழகான பக்கம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, "இதில் எது இடிக்கிறது?" என்று கேட்கிறேன். சட்டென்று ஒரு எண்ணில் விரல் வைப்பவர்கள் மிகக் குறைவு. வைக்கிறவரை விட மாட்டேன்.

#14 கடைசிபெஞ்ச்

இந்த இழையைப் படிச்சிட்டு ஒண்ணு செஞ்சு பார்த்தேன். இந்த வார மார்க்கெட்டிங் கேஸுக்கு, லேப்டாப்பைத் திறக்காம முதல்ல அரைப் பக்கம் கையால எழுதினேன். என் முடிவு, அதுக்கு மூணு காரணம், எனக்குத் தெரியாதது ரெண்டு. மோசமாத்தான் இருந்தது. அப்புறம் அதைச் சாட்பாட்கிட்ட கொடுத்து, "திருத்தாதே, என்னை எதிர்த்து மட்டும் வாதாடு"ன்னேன்.

அது வச்ச அஞ்சு வாதத்தில மூணு பொதுவானது, எந்தக் கம்பெனிக்கும் ஒட்டும். ஒண்ணு கேஸிலயே இல்லாத தகவல். ஒண்ணு மட்டும் சரியா அடிச்சது, விலையைக் குறைச்சா பழைய வாடிக்கையாளர் என்ன நினைப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை. முடிவை மாத்தலை, ஆனா ஒரு பத்தி சேர்த்தேன். நேரம் ரெண்டு மடங்கு ஆச்சு. வகுப்பில கேட்டப்ப பதில் சொல்ல வந்தது. முதல்ல அதுகிட்ட கேட்டிருந்தா அந்த அஞ்சில எது பொதுவானதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது.

#15 மேசைவிளக்கு

தம்பி, நான் கேட்ட கேள்விக்குப் பதில் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கேஸுக்கு நான் வைத்திருக்கும் திட்டம் இது. வகுப்பில் 20 நிமிடம், திரை மூடி, கையால் ஒரு பக்கம்: முடிவு, காரணம், தெரியாதது. அதை நான் வாங்கி வைத்துக்கொள்வேன், மார்க் இல்லை. அதன்பின் எந்தச் சாட்பாட்டையும் பயன்படுத்தலாம். இறுதி அறிக்கையோடு, கையெழுத்துப் பக்கத்திலிருந்து எது மாறியது, யார் சொல்லி மாறியது என்று அரைப் பக்கம். கடைசியில் ஐந்து நிமிட வைவா (வாய்மொழித் தேர்வு), நான் இயக்குநர் குழு. பாதி மார்க் வைவாவுக்கு.

எண்முகம், உங்கள் #7க்கும் இதுதான் என் பதில்.

ஒரே தடை, அடுத்த பருவத்தில் எனக்கு 120 பேர்.

#16 எண்முகம்

120 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் 10 மணி நேரம். 120 அறிக்கைகளைத் தலா 15 நிமிடம் படித்துக் குறிப்பெழுத 30 மணி நேரம் ஆகிறது. அறிக்கையை இரண்டு பக்கமாகச் சுருக்குங்கள், வைவாவுக்கு நேரம் கிடைத்துவிடும்.

#17 சரக்குவண்டி

நால்வர் குழுவாக வரச் சொல்லி, கேள்வி யாருக்கு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்கிறேன். குழுவில் நால்வரும் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் பேசக் கூச்சப்படுகிறவருக்கு இது கடினம், அவருக்குத் தனியாக நேரம் கொடுங்கள்.

#18 பேரேடு

முதல் பருவத் தடையைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அசைன்மென்டில் கூடாது. விளக்கம் கேட்கலாம், கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்தச் சந்தேகத்தை எத்தனை பேர் ராத்திரியில் கேட்டார்கள் என்று பார்த்தால், என் வகுப்பில் எது ஏறவில்லை என்று எனக்கே தெரிந்துவிடும்.

#19 கடைசிபெஞ்ச்

மேசைவிளக்கு சார், வைவால நீங்க கேக்குறதுக்கு "தெரியலை"ன்னு சொன்னா மார்க் போயிடுமா?

#20 மேசைவிளக்கு

"தெரியவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போகும். "தெரியவில்லை, ஆனால் இந்த எண் கிடைத்தால் என் முடிவு இப்படி மாறும்" என்று சொன்னால் முழு மார்க். போன வாரம் அந்த மாணவர் இதைச் சொல்லியிருந்தாலே எனக்குப் போதுமாக இருந்திருக்கும். நாளை அவரைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன், அதே கேஸைக் கையில் கொடுத்து, அறிக்கை இல்லாமல்.